மனநோய் மருத்துவமும் மாணாக்கரும்

உடலுக்கு நோய் உண்டு என்பதை மறுப்பார் உலகில் இலர். உள்ளத்துக்கும் அங்ஙனமே நோய் உண்டு என்பதையோ கற்றோரிலும் பலர் மனமார ஒப்புவதில்லை. ஒருவன் காமாலையுற்றால் அண்டை அயலார் ஓடிவந்து மருந்து கூறுவர். அவனே மனங்கலங்கினால் வீட்டார் கதவை அடைத்துக்கொள்வர். மருத்துவம் பயிலும் நாமும் அவ்வீடுகளினின்றும் வந்தவர்களே. ஆதலின், அவ்வச்சத்தையும் நாணத்தையும் உடன்கொண்டே மனநோய்ப் பிரிவினுள் முதன்முறை புகுகிறோம். அங்கு அனுபவம் முதிர்ந்த மருத்துவரை அடுத்து நின்று நாம் கற்பன யாவை என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இக்கல்வி எற்றுக்கு என வினவுவார்க்கு முதற்கண் விடை கூறுதல் வேண்டும். 2015-16ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனக்கோளாறு உற்றிருந்தனர் என்று கண்டது. அவருள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெற்றிலர். அவர் எங்கே செல்கின்றனர்? தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் பாரம், பசியின்மை என்னும் குறைகளைச் சொல்லிக்கொண்டு பொது வைத்தியரிடமே வருகின்றனர். ஆகவே, பின்னாளில் நாம் கண் மருத்துவராயினும், அறுவை மருத்துவராயினும், இந்நோயாளர் நம் வாயிலுக்கு வந்தே தீர்வர். எம்.பி.பி.எஸ். படிப்பில் இத்துறை தனித்தேர்வுப் பாடமாகாது பொது மருத்துவத்துள் அடங்கி நிற்றலால், இதனை எளிதெனக் கருதும் மாணாக்கர் பலர். தேர்வு கேளாததை நோயாளி கேட்பான் என்பதை அவர் சிந்திப்பாராக.

ஆசிரியரிடம் நாம் கற்கும் முதற்பாடம் செவி கொடுத்தல். இதயத்தின் ஓசையை ஸ்டெதாஸ்கோப்பு உணர்த்தும். எலும்பின் முறிவை எக்ஸ்ரே காட்டும். மனச்சோர்வைக் காட்டும் கருவியோ நோயாளியின் சொல்லும் அதனைக் கேட்கும் நம் பொறுமையுமே. தோற்றம், நடை, பேச்சு, உணர்ச்சி, எண்ணத்தின் போக்கு, இல்லாத குரல் கேட்டல் போன்ற புலன்மயக்கம், நினைவு, தன் நோயைத் தான் அறியுந்திறம் என்பவற்றை ஒழுங்காக ஆராய்தலே மனநிலைப் பரிசோதனை எனப்படும். மாணாக்கன் வினாக்களை அடுக்கி விரைகின்றான். முதிர்ந்த மருத்துவரோ ஒன்று கேட்டு, விடை வருமளவும் வாளா இருக்கின்றார். அவ்வமைதியின் பின்னரே உண்மை பெரும்பாலும் வெளிப்படுகின்றது.

இரண்டாவது, மனநோய்போலத் தோன்றும் உடல்நோயைப் பிரித்தறிதல். கால் முறிந்து படுக்கையிற் சேர்ந்த ஒருவன், மூன்றாம் நாள் இரவில் கைகால் நடுங்கி, சுவரிற் பூச்சி ஊர்வதாகக் கூவுகின்றான் எனக் கொள்வோம். பேய் பிடித்ததென்பர் உறவினர், பித்தென்பர் பிறர். நாள்தோறும் குடித்துவந்தவன் திடீரெனக் குடி நின்றமையால் உற்ற சன்னி அது என்று அனுபவமுடையார் உணர்வர். அஃது உயிருக்கே ஊறு விளைப்பது. உடனே மருந்தளித்தல் வேண்டும். அவ்வாறே தைராய்டுச் சுரப்பு குன்றினாலும் மனச்சோர்வின் குறிகள் தோன்றும். ஆதலின், மனநோய் மருத்துவர் முதலில் நல்ல மருத்துவராதல் வேண்டும்.

மூன்றாவது பாடமே அரியது. தற்கொலை எண்ணம் உண்டோ என நோயாளியைக் கேட்க நாம் அஞ்சுகிறோம். கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று கருதுகிறோம். ஆராய்ச்சிகள் இக்கருத்தை மறுத்துள்ளன. வாழ்க்கை வெறுத்ததோ, உயிரை விடலாமெனத் தோன்றிற்றோ, அதற்கு வழி ஏதேனும் எண்ணியதுண்டோ எனப் படிப்படியாக, கனிவுடன் கேட்டல் வேண்டும். கேட்கப்பெற்றவர் தம் சுமையை இறக்கிவைக்க இடங்கண்டு ஆறுதல் அடைதலே பெரும்பான்மை. உண்டு என்பாராயின், அவரைத் தனியே விடலாகாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றுமாறு உறவினர்க்குச் சொல்லுதல் வேண்டும். ஒரு வினா ஓர் உயிரைக் காக்கலாம் என்பதை இப்பிரிவிற்போல வேறெங்கும் நாம் காண்பதரிது.

நான்காவது, குடும்பத்தையும் சிகிச்சையிற் சேர்த்தல். 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் என்பார் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயாளியுடன் உறவினரையும் தங்கச் செய்தார். நோயின் இயல்பை அறிந்த உறவினர் அச்சம் நீங்கினர். நோயாளரும் வீடு திரும்பினர். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் 1961 முதல் 1978 வரை பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், மருந்தோடு நில்லாது நோயாளர்க்குத் தொழிலும் மறுவாழ்வும் வேண்டும் என உணர்ந்து, 1984இல் ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

இவ்வறிவு நாட்டில் பரவாமையால் விளைந்த கேட்டை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நாம் கண்டோம். ஏர்வாடியில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். அவரைக் கொணர்ந்து விட்ட உறவினருள் அன்பற்றவர் மட்டுமே இருந்தனர் என்னலாகாது; வேறு வழி அறியாதவரும் இருந்தனர். நோயாளரைச் சங்கிலியிற் பிணித்தலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் சங்கிலியை விலக்கும். ஊராரின் அச்சத்தை விலக்குதலோ அறிந்தவர் கடன்.

இறுதியாக ஒன்று கூறுவாம். இரவெல்லாம் கண்விழித்துப் பயிலும் மாணாக்கரும் மனச்சோர்வுக்கு விலக்கல்லர். விடுதியில் உடனுறையும் நண்பன் உணவை வெறுத்து, பேச்சைக் குறைத்துத் தனித்திருப்பானாயின், அவனைச் சோம்பன் என நகையாதீர்கள். அருகமர்ந்து வினவி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமக்கே அந்நிலை உற்றவர் உதவி நாட நாணற்க. காய்ச்சலுக்கு மருந்துண்பதில் நாணம் உண்டோ? நோயாளியிடம் நாம் கூறும் இவ்வறிவுரையை நமக்கும் நாமே கூறிக்கொள்ளும் நாளிலேதான் இக்கல்வி நம்மிடம் பயன் கொள்ளும்.