ஓரத்தில் எழுதியது என்ன ஆயிற்று?

ஓர் அறிக்கையின் நகல் பத்துப் பேர் பார்வைக்குப் போகிறது. ஒருவர் ஓரத்தில் கேள்விக்குறி போடுகிறார். இன்னொருவர், "ஆதாரம் எங்கே?" என்று எழுதுகிறார். மூன்றாமவர் ஒரு பத்தியையே அடித்துவிடுகிறார். நகல் திரும்பி வருகிறது. படித்தும் ஆயிற்று, எழுதியும் ஆயிற்று. சரி, அவற்றைச் செய்து முடிக்கப் போகிறவர் யார்? பெரும்பாலான அலுவலகங்களில் விஷயம் இந்த இடத்தில்தான் படுத்துக்கொள்கிறது.

இதற்கு இமயமலை அளவு பெரிய உதாரணம் ஒன்று உண்டு.

உலகத்தின் தட்பவெப்ப மாறுதலைப் பற்றி விஞ்ஞானிகளைக் கொண்டு அறிக்கை தயாரிப்பதற்காக, 1988-ல் ஐ.நா. ஆதரவில் ஒரு குழு ஏற்பட்டது. ஐ.பி.சி.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். அறிக்கையின் நகல்கள் பல தேசத்து நிபுணர்களுக்கும் சர்க்கார்களுக்கும் போகும். அவர்கள் தங்கள் அபிப்பிராயங்களை எழுதி அனுப்புவார்கள்.

2007-ல் வெளிவந்த அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்தது. இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, மறைந்துபோக மிகுந்த வாய்ப்பு இருக்கிறது என்பது அதன் சாரம். கங்கைக்கும் சிந்துவுக்கும் நீர் தரும் பனி! அந்த வருஷக் கணக்குக்கோ சரியான ஆதாரம் கிடையாது. 1999-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த செய்தி, வேறோர் அறிக்கை வழியாக இதில் புகுந்துவிட்டது. 2010 ஜனவரியில் குழுவே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

பதில் இருந்தது, வேலை இல்லை

அத்தனை நிபுணர்களில் ஒருவருமா கவனிக்கவில்லை? கவனித்தார்கள்! அதுதான் வேடிக்கை. 'இது எவ்வளவு நிச்சயம்?' என்று ஜப்பான் சர்க்கார் கேட்டிருந்தது. காரகோரம் மலையின் பெரிய பனியாறுகள் வளர்வதாக ஆய்வுகள் சொல்கின்றனவே என்று ஒரு நிபுணர் எழுதி, படிக்க வேண்டிய கட்டுரைகளையும் குறிப்பிட்டிருந்தார். கட்டுரைகள் கிடைக்கவில்லை, இறுதி நகலில் கவனிக்கிறோம் என்று அவருக்குப் பதிலும் எழுதப்பட்டது. வாக்கியம் மட்டும் அப்படியே அச்சேறியது.

ஆக, குறிப்பு தொலைந்துபோகவில்லை. பட்டியலில் இருந்தது, பதிலும் எதிரே இருந்தது. 'கவனிக்கிறோம்' என்றவர் கவனித்தாரா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. பார்க்க வேண்டிய மேற்பார்வைப் பதிப்பாசிரியர்களும் விட்டுவிட்டார்கள். பல நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் கூடி இதை விசாரித்து 2010 ஆகஸ்டில் யோசனைகள் கூறின. மேற்பார்வையாளர்கள் முக்கியமான ஆட்சேபங்களைத் தனியாகத் தொகுத்துத் தர வேண்டும். அவற்றுக்கு ஆசிரியர்கள் விரிவாகப் பதில் எழுத வேண்டும். மற்ற விஷயக் குறிப்புகளுக்குச் சுருக்கமான பதில் போதும். எழுத்துப் பிழை, கமா இவற்றுக்குப் பதிலே வேண்டாம் என்றார்கள். கமாவுக்கும் பனியாற்றுக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்தால் பனியாறுதான் கண்ணில் படாமல் போகும்.

குறிப்பு வேலையாவது எப்படி?

முதலில், எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து ஓர் எண் போட வேண்டும். ஒரே குறிப்பில் மூன்று வேலை ஒளிந்திருந்தால் மூன்றாகப் பிரிக்க வேண்டும். "இந்தப் பகுதி தெளிவாக இல்லை" என்பது வேலை அல்ல, மனக்குறை. "இந்த அட்டவணைக்கு ஆதாரம் சேர்க்கவும்" என்பது வேலை. நம் சர்க்கார் ஆபீஸ் கோப்புகளில் வரும் "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது அனுபவஸ்தர்களுக்கே வெளிச்சம்.

பிறகு ஒரு பெயர். "நாம் எல்லோரும்" என்பது பெயர் ஆகாது. அதன்பின் தேதி. கடைசியாக முடிவு: ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, மறுத்தால் ஏன்?

இன்று கம்ப்யூட்டரில் இதற்கு வசதி இருக்கிறது. கூகுள் டாக்ஸில் ஓரக் குறிப்பை ஒருவர் பெயருக்கே ஒப்படைத்துவிடலாம். அவருக்குக் கடிதம் போய்விடும். முடிந்ததும் ஒரு 'டிக்' அடித்தால் குறிப்பு கண்ணைவிட்டு மறையும். இந்த டிக்கில்தான் ஆபத்து. வேலை செய்தவரே டிக்கும் அடித்தால் 2007-ன் கதைதான். குறிப்பு எழுதியவரோ மூன்றாம் மனிதரோ திருத்திய வரியைப் படித்த பிறகே அதை மூடுவது என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் பிழைத்தன.

2021 ஆகஸ்டில் ஐ.பி.சி.சி.யின் பெரிய விஞ்ஞான அறிக்கை ஒன்று வந்தது. ஆசிரியர்கள் 234 பேர். வந்த குறிப்புகளோ 78,007! முதல் நகலுக்கு 23,462, இரண்டாவதற்கு 51,387, சர்க்கார்கள் பார்த்த கடைசி நகலுக்கு 3,158. தலைக்கு 333 வீதம் ஆகிறது. குறிப்புகளும் பதில்களும் பகிரங்கமாக வெளியிடப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து, இன்ன குறிப்புக்கு இன்ன கதி என்று சரிபார்க்கலாம்.

மற்ற இமயப் பனியாறுகள் சுருங்கிவர, காரகோரத்தில் உள்ளவை ஏறக்குறைய நிலையாக நின்றிருக்கின்றன என்ற விவரம் அந்த அறிக்கையில் இருக்கிறது.