பாலை நகரில் ஒரு பகல்

இவ்வுலக வாழ்வே ஒரு வழிப்பயணம் என்பது நம் மார்க்கம் புகட்டும் பாடம். கோடை நாளில் ஊர்தியில் செல்லும் ஒருவர் மரநிழலில் சற்றே இளைப்பாறிவிட்டு, பின் அந்நிழலை விட்டு நீங்கிச் செல்கிறார். தமக்கும் உலகுக்கும் உள்ள தொடர்பு அத்தகையதே என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உவமித்த செய்தி திர்மிதி நூலில் இடம்பெற்றுள்ளது. வாழ்வு பயணமானால், பயணத்தின் நடுவே வாய்க்கும் இடைத்தங்கல் மனிதனின் இயல்பை அளந்து காட்டும் துலாக்கோல் எனலாம். வீட்டில் மறைந்து கிடக்கும் குணம் வழியில் வெளிப்பட்டுவிடும்.

ஆம்பூரைச் சேர்ந்த தம்பதியர் சில ஆண்டுகளுக்கு முன் உம்ராவுக்குப் புறப்பட்டனர். கணவர் தோல் மண்டியில் நெடுங்காலம் கணக்கெழுதியவர். அறுபது வயதைக் கடந்தவர். சென்னையில் விமானம் ஏறித் துபாயில் ஒரு பகல் தங்கி, இரவு வேறொரு விமானத்தில் ஜித்தா செல்வதாக ஏற்பாடு. அதுவோ ஜூன் மாதத்தின் கடைசி வாரம். அக்னி நட்சத்திரத்து வேலூர் வெயிலுக்குப் பழகியவர்களையும் அந்நகரத்து வெப்பம் திகைக்க வைத்துவிடும். கோடையில் அங்கு 40 பாகையைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. சில நாள்களில் 45-ஐயும் கடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது என அந்நாட்டு அரசு விதி செய்துள்ளது என்றால், அவ்வெப்பத்தின் கடுமையை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

விடுதி அறையில் லுஹர் நேரம் வந்தது. கணவர் நான்கு ரக்அத் தொழ நின்றார். மனைவி, "நாம் முஸாபிர்கள் அல்லவா? இரண்டு தொழுதால் போதுமே" என்று நினைவூட்டினார். "இவ்வளவு தொலைவு வந்தது தொழுகையைக் குறைப்பதற்கா?" என்று கேட்டுவிட்டு, அவர் நான்காகவே தொழுது முடித்தார். பேணுதல் என்று எண்ணியே அவ்வாறு செய்தார். ஆயினும் மனைவி சொன்னதே சரி.

நம் வட்டாரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், சுமார் 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் தொலைவை நாடி ஊர் எல்லையைக் கடந்தவர் முஸாபிர் ஆவார். ஆம்பூரிலிருந்து வேலூர் செல்பவருக்கு இது பொருந்தாது. பெரியமேட்டுக்குத் தோல் வணிகத்தின் பொருட்டுச் செல்பவருக்குப் பொருந்தும். சென்ற இடத்தில் 15 நாள்களுக்குக் குறைவாகத் தங்க நாடியிருந்தால், லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றின் பர்ளையும் இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். இதற்குக் கஸ்ர் என்று பெயர். ஃபஜ்ரிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் அவரோடு நான்கையும் நிறைவு செய்ய வேண்டும். தனித்துத் தொழும்போது வேண்டுமென்றே நான்காக்குவது ஹனஃபி மத்ஹபில் தவறாகும். ஷாஃபியீ மத்ஹபில் கஸ்ர் அனுமதிக்கப்பட்ட சலுகையாகக் கருதப்படுகிறது. தங்கும் நாள்களின் கணக்கும் அதில் வேறுபடும்.

கஸ்ர் பற்றிய திருமறை வசனம் அந்நிஸா அத்தியாயத்தில் (4:101) அமைந்துள்ளது. பகைவர் பற்றிய அச்சத்தை ஒட்டியே அவ்வசனம் பேசுகிறது. 'அச்சம் நீங்கிய பின்னரும் ஏன் சுருக்க வேண்டும்?' என்ற ஐயம் உமர் (ரலி) அவர்களுக்கே எழுந்தது. அவர்கள் நபிகளாரிடம் கேட்டபோது, இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) விடை பகர்ந்தார்கள். இது முஸ்லிம் நூலில் காணப்படும் செய்தி. கொடுப்பவன் அல்லாஹ்வாக இருக்க, 'எனக்கு வேண்டாம்' என்று கையை மடக்கிக்கொள்வது பக்தியாகுமா?

ஆனால் அன்று நிகழ்ந்த பெரிய தவறு இதுவன்று.

ஒரு காலத்தில் நம் ஹாஜிகள் பம்பாயிலிருந்து கப்பலில் சென்றனர். கடலிலேயே யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது இஹ்ராம் பூண்டனர். அக்கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. இன்று ஜித்தாவில் இறங்குமுன்பே விமானம் மீக்காத் எல்லையைக் கடந்துவிடுகிறது. எனவே இடையில் தங்கும் நகரிலேயே குளித்து, இஹ்ராம் துணி உடுத்திக்கொண்டு, விமானத்தில் எல்லையை நெருங்கும்போது நிய்யத் செய்து தல்பியா முழங்குவோர் பலர். நம் தம்பதியரும் அவ்வாறே செய்யத் தீர்மானித்தனர். அஸர் தொழுகையை அருகிலிருந்த பள்ளிவாசலில் நிறைவேற்றி வந்து, குளித்து, கணவர் வெண்ணிற இஹ்ராம் துணிகளை அணிந்துகொண்டார். விமான நிலையம் செல்ல வாடகைக் காரும் வாசலில் வந்து நின்றது. அப்போதுதான் மனைவியின் கைப்பையைக் காணவில்லை என்பது தெரிந்தது. இருவருடைய பாஸ்போர்ட்டுகளும் அதனுள் இருந்தன.

கணவருக்குச் சினம் பொங்கிற்று. விடுதி ஊழியர்கள் பார்த்திருக்க, "உன்னை அழைத்து வந்ததே தவறு" என்று கடிந்துகொண்டார். தோளில் இஹ்ராம், வாயில் சுடுசொல்! அந்த அம்மையார் மறுமொழி ஏதும் கூறாமல் விம்மியபடி நின்றார். பிறகு நினைவு வந்து, கணவருடன் பள்ளிவாசலுக்கு விரைந்தார். பெண்கள் ஒளுச் செய்யும் இடத்தில், மாட்டிய கொக்கியிலேயே பை தொங்கிக்கொண்டிருந்தது. விமானமும் தவறவில்லை. தவறியது சொல் ஒன்றுதான்.

வாசக அன்பர்களே! இந்நிகழ்ச்சியைக் கேட்டதும் நம் நினைவுக்கு வர வேண்டிய பாலைவனத் தங்கல் ஒன்று உண்டு. புகாரியில் பதிவாகியுள்ள அச்செய்தி இது. நபிகளார் (ஸல்) ஒரு பயணத்தில் தோழர்களுடன் சென்றுகொண்டிருந்தார்கள். வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை காணாமற் போயிற்று. அதைத் தேடுவதற்காக நபிகளார் தங்கினார்கள். உடன் வந்தோர் அனைவரும் தங்கினர். அவ்விடத்தில் நீர்நிலை இல்லை. எவரிடமும் தண்ணீர் இல்லை. மக்கள் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்று, அவர்தம் மகளால் நேர்ந்த இடரைக் கூறி முறையிட்டனர். தந்தை வந்து மகளைக் கடிந்துரைத்து, கையால் விலாவில் குத்தவும் செய்தார்கள். அப்போது நபிகளார் அன்னையாரின் மடியில் தலைவைத்துத் துயின்றுகொண்டிருந்தார்கள். அத்துயில் கலையலாகாதே என்பதற்காக அன்னையார் அசையாது இருந்தார்கள்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டுவது யாது? படை முழுதும் முணுமுணுத்தது. பெற்ற தந்தையே சினந்தார்கள். ஆனால் கணவராகிய நபிகளார் ஒரு கடுஞ்சொல்லும் கூறியதாக அச்செய்தியில் இல்லை. மனைவியின் மாலைக்காகப் பயணத்தையே நிறுத்தி வைத்து, அவர்தம் மடியிலேயே அமைதியாக உறங்கினார்கள். பொழுது புலர்ந்தது, ஒளுவுக்குத் தண்ணீர் இல்லை. அவ்வேளையில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. நீரில்லாத இடத்தில் தூய மண்ணே நீருக்கு ஈடாயிற்று. அபூபக்கரின் குடும்பத்தாரால் சமுதாயத்துக்குக் கிடைத்த முதல் பரக்கத் இதுவன்று என்று உஸைத் இப்னு ஹுளைர் (ரலி) மகிழ்ந்துரைத்தார்கள். பின்னர் அன்னையார் ஏறிவந்த ஒட்டகத்தை எழுப்பியபோது, தொலைந்த மாலை அதன் அடியிலேயே கிடந்தது!

ஒரு பெண்மணியின் பொருள் தொலைந்தது. ஒரு படை தடைப்பட்டது. அத்தடையின் வாயிலாகவே உலக முஸ்லிம்கள் அனைவருக்கும் ஓர் எளிமை கிட்டிற்று. பயணத்தில் நேரும் தாமதத்தை வெறும் தொல்லை என்று எண்ணி மனைவிமீது பாய்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஹஜ்ஜின்போது வீண் தர்க்கம் கூடாது என்று திருமறை (2:197) தடுத்துள்ளது. உம்ராவுக்குச் செல்வோரும் பேண வேண்டிய ஒழுக்கமன்றோ அது!

வழிப்போக்கரின் இடரைத் துடைப்பது நம் மாவட்டத்தாருக்குப் புதியதன்று. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப், சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே முஸ்லிம் பயணிகளுக்காகச் சித்தீக் சராயைக் கட்டிவைத்தார். முன்பின் அறியாத பயணிக்கும் நிழல் தந்த மண் இது. இம்மண்ணில் பிறந்தவர், தம்மோடு வரும் வாழ்க்கைத் துணைக்கு நிழலாக இருக்க வேண்டாமா?

மக்காவை அடைந்த அக்கணவர், ஸஃபா மர்வாவுக்கிடையே ஸஃயு செய்தார். நீரற்ற பள்ளத்தாக்கில் குழந்தைக்காக அன்னை ஹாஜரா (அலை) தனியே ஓடிய ஓட்டம் அல்லவா அது! ஒரு பெண்ணின் தவிப்பை அல்லாஹ் உலகுள்ளளவும் வணக்கமாக்கி வைத்திருக்க, தாம் ஒரு பெண்ணின் தவிப்பை ஏளனம் செய்துவிட்டோமே என்று அவர் உள்ளம் உருகினார். மர்வாவில் ஏழாவது சுற்று முடிந்ததும் மனைவியிடம் மன்னிப்புக் கோரினார். ஊர் திரும்பிய பின் அவரே இதைச் சொல்லக் கேட்டோம்.

நாயன் நமக்குத் தொழுகையையே பாதியாக்கித் தந்தான். அச்சலுகையை ஏற்கும் நாம், உடன் வருவோர்க்குச் சலுகை காட்ட மறுப்பது நீதியாகுமா? பயணத்தில் தொழுகையைச் சுருக்குவோம், சினத்தையும் சுருக்குவோம். அன்பை மட்டும் சுருக்காதிருப்போம். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.