மலை ஏற்றத்தில் ‘கடகட’ சத்தம்... டர்போ காரில் பிஸ்டன் போச்சா? கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்ப்பவர், விடுமுறைக்குச் சொந்த ஊரான ராயகிரிக்குப் புது டர்போ காரில் வருகிறார். மறுநாள் குடும்பத்தோடு குற்றாலம், அப்படியே செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு. உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய பை, ஏசி வேறு. ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதிக்கிறார். பானட்டுக்குள் தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போல ஒரு சத்தம். கியரை மாற்றியதும் நின்றுவிடுகிறது. “ஒண்ணுமில்ல, பெட்ரோல் சரியில்ல” என்று வண்டி நகர்கிறது.

ஒருமுறை கேட்டால் ஒன்றுமில்லைதான். அடிக்கடி கேட்டால் பிஸ்டன் அடிவாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள்.

டர்போவில் மட்டும் ஏன் இத்தனை பயம்?

சாதாரண என்ஜின் தானாக இழுக்கும் காற்றோடு ஓடுகிறது. டர்போ, புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தித் திணிக்கிறது. சூப்பர்சார்ஜரும் அதையே செய்கிறது, ஆனால் என்ஜினிலிருந்து வரும் பெல்ட்டில் ஓடுகிறது. பழைய மெர்சிடிஸ் கார்களின் பின்னால் ‘கம்ப்ரஸர்’ என்று எழுதியிருப்பது இதைத்தான்.

காற்று கூடினால் சக்தி கூடும். சூடும் அழுத்தமும் கூடும். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு பிஸ்டன் விநாடிக்கு 25 முறை இந்த வெடிப்பைத் தாங்குகிறது. எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். நேரம் தப்பி வெடித்தால், முதலில் உடைவது ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய வரப்பு. இன்னும் மோசமானால் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியது

“இழுவை இல்ல, ஆயில் குடிக்குது, நீலப் புகை வருது” என்று போய் நின்றால், “ஹெட்டைக் கழற்றிப் பார்த்துரலாம்” என்ற பதில் வரலாம். அவசரப்பட வேண்டாம். பிரிக்காமலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முதலில் ஸ்கேனர். பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அடுத்து அந்த சிலிண்டரின் பிளக். வெள்ளைப் பீங்கானில் பளபளக்கும் துகள்கள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியமாக இருக்கலாம். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். உதாரணத்துக்கு, இரண்டு சிலிண்டரில் 170 பிஎஸ்ஐ, ஒன்றில் மட்டும் 90 என்றால் கோளாறு அங்கேதான்.

ஆனால் கோளாறு பிஸ்டனா, வால்வா? இதைச் சொல்வது லீக்-டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தி, எங்கே ‘உஸ்’ என்று வருகிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் அல்லது ரிங். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். கடைசி இரண்டும் என்றால் பிஸ்டன் செலவே இல்லை. சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்ப்பதும் உண்டு; சுவரில் நெடுக்குக் கீறல் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது.

சந்தேகம் வந்த பிறகு “ஊர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிரலாம்” என்பதுதான் பெரிய தப்பு. உடைந்த துண்டு சுவரைக் கிழித்துவிட்டால், பிஸ்டனோடு முடிய வேண்டிய பில் பிளாக் வரை போகும்.

போர் போடணுமா?

சிலிண்டர் சுவர் நல்லபடி இருந்தால் புது பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட்டோடு முடியலாம். கீறல் ஆழமாக இருந்தால் போர் போட்டு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும். டிராக்டர், லாரி என்ஜினுக்குப் போர் போட்டுப் பழகிய பட்டறைகள் தென் மாவட்டங்களில் உண்டு. ஆனால் சில புதிய அலுமினிய பிளாக்குகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே கிடையாது. ஸ்லீவ் அடிக்கலாமா, பாதி என்ஜினையே மாற்றணுமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் முக்கியம். டர்போவில் சூடு அதிகம் என்பதால் ரிங் அதிகம் விரியும். இடைவெளி போதவில்லை என்றால் முனைகள் முட்டி, புது பிஸ்டனும் உடையும்.

ஏன் உடைந்தது என்று கேட்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. அடைத்த இன்ஜெக்டர், தவறான பிளக், பழுதான நாக் சென்சர் எதுவாகவும் இருக்கலாம். ‘ஸ்டேஜ் ஒன்’ ரீமேப் செய்த வண்டி என்றால் சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். வாரண்டி கேட்கவும் வாய் வராது. இ20 பெட்ரோலா காரணம் என்று பலரும் கேட்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் குணமுள்ளது. இந்த விஷயத்தில் அதன்மேல் பழி போட முடியாது.

ஆயிலையும் பார்க்கணும். நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே வெடிக்கும் கோளாறு உண்டு. இதைத் தடுக்கவே 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி தரங்கள் வந்தன. கேனில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவில்லை.

வண்டியை எடுக்கும்போது பழைய பிஸ்டனையும், கம்ப்ரஷன் அளவுகளை எழுதிய தாளையும் கேட்டு வாங்கலாம். முதல் 1,000 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். ஆரியங்காவு ஏற்றம் அதற்கு அப்புறம், அதுவும் ஒரு கியர் குறைத்து.