வெள்ளிக்கிழமையில் ஆக்ரா

பெட்டி கட்டும் காலம் – தொடர் 9

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவது டிசம்பர் கடைசி வாரத்தில். கங்கைச் சமவெளியில் மூடுபனி கெட்டியாக இறங்குவதும் அதே நாட்களில்தான். டெல்லி, ஆக்ரா, ஹரித்வார் என்று பல வருடம் ஆசைப்பட்ட குடும்பங்கள் இங்கிருந்து கிளம்புவதும் அப்போதுதான். கோடை விடுமுறையில் போனால் என்ன என்று கேட்கலாம். மே மாத ஆக்ராவில் வெயில் 45 டிகிரியைத் தொடும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வெயிலில் பளிங்குத் தரையில் நிற்க முடியாது. ஆகவே டிசம்பர்தான் என்று முடிவாகிறது. அந்த டிசம்பரில் என்ன நடக்கும் என்பதை டிக்கெட் எடுக்கும்போது யாரும் சொல்வதில்லை.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா குடும்பத்தோடு சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஒரு பயணம் போனேன். அத்தான் மத்திய அரசு ஊழியர். அவர்களுக்கு எல்.டி.சி. உண்டு. நான்காண்டு கொண்ட ஒரு பிளாக்கில் ஒருமுறை, இந்தியாவில் எந்த ஊருக்கும் குடும்பத்தோடு போய்வரும் பயணச் செலவை அரசு தரும். முந்தைய பிளாக் வீடு கட்டுவதில் போய்விட்டது. அதற்கும் முந்தையது அத்தானின் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சையில் போனது. “இந்தத் தடவையும் விட்டுட்டா பெரியவ பிளஸ் டூ வந்துடுவா. அப்புறம் எங்கே போறது?” என்று அக்கா உறுதியாக நின்றாள். அவள் தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது கல்யாணத்துக்கு முன்பு. அவள் மாமியாருக்கு ஹரித்வாரில் கங்கை ஸ்நானம்.

ஏற்பாடு செய்து கொடுத்த ஏஜென்ட் முழுப் பயணத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தந்திருந்தார். செவ்வாய் இரவு சென்னையில் ஏறி, வியாழன் விடியற்காலை ஆக்ராவில் இறங்க வேண்டும். அன்றே தாஜ்மகால். மாலை ரயிலில் டெல்லி. வெள்ளி, சனி இரண்டு நாளும் செங்கோட்டை, குதுப்மினார், அக்ஷர்தாம். ஞாயிறு ஹரித்வார். திங்கள் இரவு டெல்லியில் திரும்பும் ரயில். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மணி போட்டிருந்தது. எந்த வண்டியாவது தாமதமானால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

நாக்பூரும் போபாலும் நேரத்துக்கு வந்தன. புதன் இரவு எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். ஆக்ராவுக்கு அலாரம் வைத்து எழுந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. குவாலியரைத் தாண்டி ஏதோ வெட்டவெளி. பொழுது விடிந்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்துத் தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் ஊர் மார்கழிப் பனி ஏழரை மணி வெயிலில் கரைந்துவிடும். வடக்கே அப்படி இல்லை. ஆறும் வாய்க்காலும் பாசன வயலுமாக ஈரம் நிறைந்த தரை, மேகமில்லாத நீண்ட இரவு, காற்றில் அசைவின்மை, இந்த மூன்றும் சேர்ந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அப்படியே பனியாக நிற்கும். இருநூறு மீட்டருக்குள் மட்டுமே பார்க்க முடிந்தால் அதை அடர்பனி என்கிறது வானிலை ஆய்வுத் துறை. ஐம்பது மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர்பனி. முழு வேகத்தில் ஓடும் ஒரு விரைவு ரயிலை நிறுத்தவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். சிக்னல் கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஜி.பி.எஸ். மூலம் சொல்லும் கருவி இப்போது இன்ஜின்களில் இருக்கிறது. அது இருந்தும் அடர்பனியில் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முன்னால் போகும் வண்டி நின்றால் பின்னால் வருவதும் நிற்க வேண்டும். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் தேங்கிவிடுகின்றன.

பெட்டியில் சிலர் ஓட்டுநரைத் திட்டினார்கள். இருநூறு மீட்டர்கூடக் கண் தெரியாத பாதையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழுத்துப் போகிறவர் நிதானமாகத்தான் போக வேண்டும். அவர் நிற்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மிளகாய்ப் பொடி தடவிய இட்லி புதன்கிழமை மதியமே தீர்ந்திருந்தது. கடைசிச் சம்படத்தில் கொஞ்சம் புளியோதரை இருந்தது. கழிவறையில் தண்ணீர் நின்றுபோனது. ஸ்வெட்டரெல்லாம் பெரிய பெட்டியின் அடியில் இருந்தது. ஆக்ரா லாட்ஜில் திறந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். எனக்கு உண்மையில் பயம் தந்தது அக்காவின் மாமியாருடைய சர்க்கரைதான். அவர் வழக்கமான நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டார். காலைப் பலகாரம் வரவில்லை. மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நெற்றி வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்தபோது எதிர் சீட்டில் மதுரா போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள், கேட்பதற்கு முன்பே தன் டிபன் பாக்ஸிலிருந்து பூரியும் உருளைக்கிழங்கும் எடுத்து நீட்டினார். என் பையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். வடக்கே போகும் வண்டியில் முதியவர்களோடு ஏறுகிறவர்கள் மாத்திரை, குளுக்கோஸ், ஒரு வேளைக்கான சாப்பாடு, ஒரு சால்வை ஆகியவற்றை ஒரு சிறிய கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். கையெட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

மதியம் வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. அத்தானும் அக்காவும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். “ஃபிளைட்ல போயிருக்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்” என்று ஒரு பேச்சு, அதற்கு ஒரு பதில், அதற்குப் பிறகு மௌனம். இந்த மாதிரித் தாமதத்தில் குடும்பம் இழப்பது நேரத்தை மட்டுமல்ல. பல வருடம் பணம் சேர்த்து, லீவு கெஞ்சி வாங்கி, எல்லோரையும் கூட்டிவந்தவர்மேல்தான் முதல் பழி விழுகிறது. பனிக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனாலும் அவர்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் குறுகிப்போகிறார். அன்று அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

பெரியவள் மேல் பெர்த்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கீழே இறங்கினாள். “அப்பா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. தாஜ்மகால் லீவாம்.”

உண்மைதான். தாஜ்மகால் வளாகத்தில் ஒரு மசூதி இருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பார்வையாளர்களுக்கு அன்று அனுமதி இல்லை. மற்ற நாட்களிலும் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே மூடிவிடுவார்கள். 2016 ஏப்ரலில் டெல்லி நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் வாரத்தில் ஆறு நாள்தான் ஓடும், வெள்ளிக்கிழமை ஓடாது. ரயில்வேயே கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் தாளைத் தயாரித்தவரின் கண்ணில் படவில்லை. வியாழன் தவறினால் தாஜ்மகாலே தவறிவிடும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பயணம் அமைத்துக் கொடுப்பவரின் முதல் கடமை அது.

ஆக்ராவில் இறங்கியபோது இருட்டியிருந்தது. டெல்லிக்கு நாங்கள் பிடிக்க வேண்டிய மாலை வண்டியும் ஐந்து மணி நேரம் தாமதம். அங்கேதான் அக்கா வாய் திறந்தாள். “டெல்லி வேண்டாம். இங்கேயே தங்குவோம். சனிக்கிழமை தாஜ்மகால் பாத்துட்டுத்தான் நான் கிளம்புவேன். அத்தைக்குக் கங்கையும் விடக் கூடாது.” மாமியார், “எனக்காகப் பாக்காதேம்மா, பிள்ளைங்க பாக்கட்டும்” என்றார். அக்கா கேட்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு டெல்லியை விட்டுவிடுவது என்று பிளாட்பாரத்திலேயே முடிவாயிற்று. டெல்லி லாட்ஜில் முன்பணம் கட்டிய இரண்டு இரவு வாடகை போனது, திருப்பித் தரவில்லை. ரயில் டிக்கெட் பணம் மட்டும் தப்பியது. நாம் ஏறும் நிலையத்துக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்தால், அது கிளம்புவதற்கு முன் டி.டி.ஆர். பதிவு செய்து பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். எங்கள் பெட்டியில் வந்த ஒரு கல்லூரி மாணவர் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் போனில் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆக்ரா கோட்டை திறந்திருந்தது. 1658 முதல் 1666-இல் இறக்கும்வரை ஷாஜகான் மகனின் காவலில் இருந்தது இங்கேதான். மதியம் யமுனையின் மறுகரையில் இருக்கும் மேதாப் பாக் தோட்டத்துக்குப் போனோம். தாஜ்மகாலுக்கு நேர் எதிரே இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும். பனி விலகி இரண்டு மணி வெயிலில் ஆற்றுக்கு அப்பால் முழுக் கட்டடமும் தெரிந்தது. கூட்டமில்லை. அக்கா புல்தரையில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய பேச்சு திரும்பியது.

சனிக்கிழமை சூரியோதயத்துக்கே உள்ளே போகலாம் என்று லாட்ஜில் சொன்னார்கள். டிசம்பரில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். நுழைவுச் சீட்டு மூன்று மணி நேரம்தான் செல்லும்; விடியலில் நுழைந்தால் அந்த நேரம் முழுதும் பனியையே பார்த்துக்கொண்டு நிற்க நேரும். நாங்கள் பத்தரைக்குப் போனோம். இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக இன்னும் 200. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. அக்கா பளிங்கில் பதித்த பூக்களின் ஓரத்தை ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

அன்றே டெல்லிக்குக் கார். வண்டி ஓட்டியவர், “சாயங்காலத்துக்கு மேல என்றால் வர மாட்டேன், இரண்டு மணிக்குள் கிளம்ப வேண்டும்” என்று கண்டிப்பாகச் சொன்னார். 165 கிலோமீட்டர் யமுனா விரைவுச் சாலையில் பனிக்காலத்தில் கார்களின் வேக வரம்பையே 100-லிருந்து 75-ஆகக் குறைத்துவிடுகிறார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வண்டிகள் மோதிக்கொள்ளும் விபத்துகள் அங்கே நடப்பவை. கூடுதல் பணம் கொடுத்து இரவில் ஓட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஞாயிறு ஹரித்வாரில் மாமியார் ஆசை தீர முழுகி எழுந்தார். திங்கள் டெல்லியில் பகல் முழுதும் கையில் இருந்தது. ஆனால் செங்கோட்டைக்கும் அக்ஷர்தாமுக்கும் திங்கள்தான் விடுமுறை. ஆர்.கே. புரத்தில் குன்றின்மேல் இருக்கும் மலை மந்திருக்குப் போனோம். உத்தர சுவாமிமலை என்று பெயர் கொண்ட அந்த சுவாமிநாத சுவாமி கோயில் 1973-இல் திறக்கப்பட்டது. சுவாமிமலைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அங்கே தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்தது. திரும்பும் ரயிலும் தாமதம்தான். பனியில் தாமதமாக வந்து சேரும் அதே பெட்டிகளைத்தான் கழுவித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த டிசம்பரில் கிளம்ப நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். ஆக்ரா நாளை வெள்ளிக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள். திரும்பும் ரயிலுக்கு முந்தைய ஒரு நாளை எதுவும் எழுதாமல் விடுங்கள். ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றுக்கு மாறுவதாக இருந்தால் இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளுங்கள், 2019 ஏப்ரல் முதல் அந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், விதிப்படி உரிய நேரத்துக்குள் விண்ணப்பித்து, பிடித்தம் இல்லாமல் அந்தப் பணத்தைப் பெறலாம். முன்பதிவுக் காலம் இப்போது 60 நாள். டிசம்பர் 24-ஆம் தேதி வண்டிக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்.

(பயணம் தொடரும்)