உரோமையில் விழுந்த கோல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பங்குகளில் மாலை வேளையில் பந்துதைக்கும் சிறுவரிடம் சிறந்த ஆட்டக்காரர் யாரென வினவினால், நாக்ரிக் என்னும் சிற்றூரில் பிறந்த எகிப்தியர் முகம்மது சாலாவின் பெயர் தயங்காமல் வருகிறது. மகிழ்ச்சியே. ஆனால் சைமன் சுந்தரராஜ் என்றால் விழிக்கின்றனர்; அவர்தம் தந்தையரும் விழிக்கின்றனர்.

தமிழரான இவர் 1960-ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். பயிற்சியாளர் ரகீம், அணித் தலைவர் பி. கே. பானர்ஜி. வாய்த்ததோ கடினமான பிரிவு. அங்கேரியிடம் 2-1 எனத் தோற்றோம் (அந்த அங்கேரி பின்னர் வெண்கலம் வென்றது). பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தோம். பெருவிடம் 3-1 எனத் தோற்ற ஆட்டத்தில் நமது ஒரே கோலை அடித்தவர் சைமனே. பிரிவில் கடைசி இடந்தான் கிட்டிற்று. அதன்பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. ஆகவே தோல்வியில் விழுந்த அக்கோலே இன்றளவும் நமது கடைசிக் கோல்!

1973-இல் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. இறுதியாட்டத்தில் இரயில்வே அணியை 3-2 என வீழ்த்திற்று. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. அவ்வணியைப் பயிற்றுவித்தவரும் இதே சைமன் சுந்தரராஜ்தான்.

வரும் பங்குத் திருவிழாப் பந்தயத்தின் கோப்பைக்கு இவர் பெயரைச் சூட்ட விழைகிறோம். இளைஞர் சிலர் சாலாவின் பெயரே வேண்டும் என்கின்றனர். பேசிக்கொண்டிருக்கிறோம்.