பாட்டு கேட்டால் பூமி குளிருமா?

2007 ஜூலை 7 அன்று முதலில் சிட்னியில் தொடங்கியது ‘லைவ் எர்த்’ கச்சேரி. டோக்கியோ, ஷாங்காய், ஜோகன்னஸ்பர்க், ஹாம்பர்க், லண்டன், நியூ ஜெர்சி, ரியோ டி ஜனீரோ என்று சூரியனைத் துரத்திக்கொண்டு மேடைகள் எழுந்தன. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோரும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கெவின் வாலும் கூட்டிய திருவிழா அது. மடோனா, மெட்டாலிக்கா, தி போலீஸ், லிங்கின் பார்க் என்று பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. அண்டார்டிகாவில் ரோத்தெரா ஆய்வு நிலையத்தில் இருந்த ஐந்து பேர்கூட ‘நூனாடக்’ என்ற பெயரில் வாசித்தார்கள். ஏழு கண்டங்கள் என்று விளம்பரம் செய்தாயிற்றே, ஒன்றை விட முடியுமா?

இவ்வளவு பெரிய கச்சேரியால் காலநிலை மாற்றம் பற்றிய விழிப்புணர்வு கூடுமா என்றால், கொஞ்சம் கூடும், சீக்கிரம் வடிந்தும்விடும் என்றுதான் சொல்வேன்.

காரணம் புரிய, இந்த வகைக் கச்சேரிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1971 ஆகஸ்ட் 1 அன்று ஜார்ஜ் ஹாரிசனும் ரவி சங்கரும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக நடத்தியது நிதி திரட்டும் கச்சேரி. 1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த ‘லைவ் எய்ட்’டும் அப்படியே. எவ்வளவு வசூலானது, யார் கைக்குப் போனது என்று அங்கே கணக்குக் கேட்கலாம். வங்கதேசக் கச்சேரிப் பணத்தில் பெரும்பங்கு வரித்துறைச் சிக்கலில் மாட்டி ஆண்டுக்கணக்கில் முடங்கியதும், அப்படிக் கணக்குக் கேட்க முடிந்ததால்தான் தெரிய வந்தது. 2005இல் ‘லைவ் 8’ பணம் கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் கூடவிருந்த எட்டு நாட்டுத் தலைவர்களைப் பார்த்து, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், உதவியைக் கூட்டுங்கள் என்றது. எட்டுப் பேர், ஒரு தேதி, ஒரு கோரிக்கை.

‘லைவ் எர்த்’தின் முதல் நோக்கம் பணமும் அல்ல, இன்னாரை நெருக்குவதும் அல்ல. மக்களுக்கு உணர்த்துவதுதான். ‘லைவ் எய்ட்’டை நடத்திக்காட்டிய பாப் கெல்டாஃபே அப்போது முகம் சுளித்தார். பூமி சூடாகிறது என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியுமே, அதற்கு எதற்கு மேடை என்றார். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களோ நாடாளுமன்றமோ பெரிய நிறுவனங்களோ தந்த உறுதியான திட்டங்களை அறிவிக்க முடிந்தால் மட்டுமே இப்படி ஒன்றை நடத்துவேன் என்பது அவர் வாதம்.

கெல்டாஃப் சொன்னதில் முக்கால் பங்கு நியாயம் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு தன் நான்காவது பெரும் அறிக்கையின் முதல் பகுதியை வெளியிட்டது. பூமி சூடாவது பற்றிய அல் கோரின் ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியதும் அதே மாதம். பூமி வெப்பமாவதற்குத் திடமான ஆதாரம் உண்டு என்று பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 77 சதவீதம் பேர் அப்போதே சொல்லியிருந்தார்கள். கச்சேரி முடிந்து ஒன்பது மாதம் கழித்து, 2008 ஏப்ரலில் அது 71 ஆனது. 2009 அக்டோபரில் 57.

கச்சேரி நடந்ததால் எண்ணிக்கை சரிந்தது என்று சொன்னால் அது குதர்க்கம். இடையில் பொருளாதாரம் கவிழ்ந்தது, வேலை போனது, வீடு போனது. கட்சி அரசியலும் இறுகியது. ஆனால் பல கோடிப் பேர் பார்த்த ஒரு நாள் கொண்டாட்டம் அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கவில்லை என்பது கண்கூடு. பார்த்தவர்கள் யார் என்பதும் முக்கியம். மெட்டாலிக்கா ரசிகர் மெட்டாலிக்காவைப் பார்க்க வந்தார். அல் கோர் முகத்தைக் கண்டாலே சேனலை மாற்றுகிறவர், அதாவது உண்மையில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர், அந்தப் பக்கமே வரவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அன்று மக்களிடம் ஏழு அம்ச உறுதிமொழி ஒன்றைக் கேட்டார்கள். அதில் முதல் அம்சம் சாதாரணமானதல்ல. வளர்ந்த நாடுகள் மாசு வெளியேற்றத்தை 90 சதவீதம் குறைக்கும் ஒப்பந்தத்தில் சேருமாறு என் நாட்டை வலியுறுத்துவேன் என்பது அது. கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிக்க வசதியில்லாத புதிய நிலக்கரி மின்நிலையங்களைத் தடுக்கப் போராடுவேன் என்ற வாக்கும் இருந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே திரையில் அதிகம் ஓடியதோ பல்பை மாற்றுங்கள், தேவையில்லாத மின்கருவியை அணையுங்கள் என்ற யோசனைகள். நிலக்கரியை எதிர்ப்பது எப்படி என்று அரை நிமிடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. பல்பைப் பற்றிச் சொல்லலாம். பெரிய மேடை பெரிய விஷயத்தைச் சின்னதாக்கிவிடுகிறது.

அதற்காகக் கச்சேரியே வீண் என்று ஒதுக்க மாட்டேன். 1985 செப்டம்பரில் வில்லி நெல்சன், நீல் யங், ஜான் மெலன்கேம்ப் மூவரும் இல்லினாயில் தொடங்கிய ‘ஃபார்ம் எய்ட்’டைப் பாருங்கள். கடனில் மூழ்கி நிலத்தை இழந்துகொண்டிருந்த அமெரிக்க விவசாயிகளுக்காக வைத்த கச்சேரி. ஒரு நாளோடு கலைந்து போகவில்லை. நெருக்கடியில் இருக்கும் விவசாயி கூப்பிட ஒரு தொலைபேசி உதவி எண் வந்தது. பாடகர்கள் விவசாயிகளை நாடாளுமன்றத்துக்கே அழைத்துப்போய்ப் பேச வைத்தார்கள். 1987இல் விவசாயக் கடன் சட்டம் நிறைவேறியது. கச்சேரி இன்னும் நடக்கிறது. அங்கே பாட்டு ஆள் சேர்த்தது, பிறகு வேலையைச் செய்தது அமைப்பு.

‘லைவ் எர்த்’துக்கு அந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. சூரிய விளக்குகளுக்கு நிதி திரட்டவென்று 2008 டிசம்பர் 7 அன்று மும்பையில் நடக்கவிருந்த கச்சேரி, அந்நகரில் நடந்த நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலால் ரத்தானது. அது யார் குற்றமும் இல்லை. ஆனால் 2010இல் தண்ணீருக்காக அவர்கள் நடத்திய உலக ஓட்டத்துக்கு டௌ கெமிக்கல் நிறுவனம் விளம்பரதாரர். போபால் ஆலையின் யூனியன் கார்பைடை வாங்கிய அதே டௌ. நிலத்தடி நீர் நஞ்சான போபால் மக்களுக்காகப் போராடுகிறவர்கள் கொதித்ததில் வியப்பென்ன?

இதெல்லாம் இருக்கட்டும், கச்சேரியே கக்கும் புகை எவ்வளவு? தனி விமானத்தில் வந்து இறங்கும் பாடகர்கள்தான் கேலிக்கு ஆளாவார்கள். ஆனால் பெரும்பாலான பெருங்கச்சேரிகளில் பெரிய பங்கு ரசிகர்கள் வந்துபோகும் பயணத்தினுடையது. மேடைக்குப் பின்னால் உறுமும் டீசல் ஜெனரேட்டர், நம் ஊர்த் திருவிழா ஜெனரேட்டர் வண்டியின் அண்ணன், அதற்கு அடுத்துத்தான் வரும். மரம் நட்டு ஈடுகட்டுவதாகச் சொல்வதை எளிதில் நம்ப வேண்டாம். ‘கோல்ட்ப்ளே’ குழுவின் 2002 ஆல்பத்தால் வரும் மாசுக்கு ஈடாகக் கர்நாடகத்தில் 10,000 மாங்கன்று நடுவதாக ஒரு திட்டம் இருந்தது. வறண்ட மண், தண்ணீர் ஊற்ற வழியில்லை. கொடுத்த கன்றுகளில் பல பட்டுப்போயின என்று 2006இல் செய்தி வந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊர்க்காரர்களான ‘மாஸிவ் அட்டாக்’ இசைக்குழு 2024 ஆகஸ்ட் 25 அன்று சொந்த ஊரில் நடத்திய கச்சேரி இன்னும் உருப்படியானது. டிண்டால் காலநிலை ஆய்வு மையத்தின் மான்செஸ்டர் பிரிவிடம் முன்பே வழி கேட்டு வைத்திருந்தார்கள். டீசலுக்குப் பதில் பேட்டரி. கார் நிறுத்த இடமே கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து மின்சாரப் பேருந்து, இரவு திரும்பச் சிறப்பு ரயில். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. சாப்பாட்டில் இறைச்சி இல்லை. 30,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மேடை அறிவுரை தேவைப்படாமலே, காரை வீட்டில் விட்டுவிட்டு இவ்வளவு பேர் ஓரிடத்துக்கு வந்துபோக முடியும் என்பதை வந்தவர்கள் தாங்களே செய்து பார்த்தார்கள். விழிப்புணர்வு என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

2025 ஜனவரியில் ‘கோல்ட்ப்ளே’ அகமதாபாத்தில் பாடியபோது மேற்கு ரயில்வே மும்பையிலிருந்து சிறப்பு ரயில்களை விட்டது. சூழலை நினைத்து அல்ல, கூட்டத்தை நினைத்து. ஆனால் ரயிலில் ஏறிய ஒவ்வொருவரும் விமானத்திலோ காரிலோ போகாதவர். அடுத்த பெருங்கச்சேரி நம் பக்கம் வரும்போது, மேடையில் என்ன பேசப் போகிறார்கள் என்பதைவிட, எந்த ரயில் எத்தனை மணிக்கு என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்களா என்று நான் முதலில் பார்ப்பேன்.