சக்கரமும் சட்டமும்

தேர்க்காலிற் பட்டு இறந்த கன்றுக்காகத் தன் மகனையே தண்டிக்கத் துணிந்த சோழ மன்னனின் கதை நாமறிந்ததே. பெரியபுராணத்தின்படி கன்று தானே துள்ளிவந்து தேரில் அகப்பட்டது. இளவரசன் வேண்டுமென்று செலுத்தினானல்லன். ஆதலின் கழுவாய் போதுமென்றனர் அமைச்சர். மன்னனோ பசுவின் இழப்பையே நோக்கினான்.

இவ்விரு நோக்குகளும் இன்றைய சட்டங்களிலும் எதிரெதிரே நிற்கின்றன. மோட்டார் வண்டி மோதிப் பாதசாரி காயமுற்றால், "சாரதி செய்த தவறு யாது?" என்று சில நாடுகள் வினவும். "இழப்பை யார் தாங்குவது?" என்று வேறு சில நாடுகள் வினவும்.

ஸ்கொத்லாந்து வழக்கொன்றைப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டில், பாடசாலை வண்டியிலிருந்து இறங்கிய 13 வயதுச் சிறுமி ஒருத்தி, அதன் பின்புறமாக வந்து வீதியைக் கடக்க முயன்றாள். விரைந்து வந்த கார் அவளை மோதியது. சாரதி வேகத்தைத் தணிக்கவில்லை; சிறுமியும் சரிவரக் கவனிக்கவில்லை. தவறில் நூற்றுக்கு 90 பங்கு சிறுமியுடையது என்றார் முதலில் விசாரித்த நீதிபதி. மேன்முறையீட்டில் அது 70 ஆயிற்று. 2015இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் 50 என முடிவுசெய்தது. நிகழ்ச்சி ஒன்றே, அளவைகளோ மூன்று. ஈற்றில் அவளுக்குரியதாயிற்று பாதி நட்டஈடு.

இதே விபத்து நெதர்லாந்தில் நேர்ந்திருப்பின், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையாதலின் அவளுக்கு முழு நட்டஈடும் கிடைத்திருக்கும். பிரான்சிலும் அவ்வாறே. நீதியமைச்சர் பதந்தேரின் பெயரால் வழங்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயதுக்குட்பட்டோரும் 70 வயதைக் கடந்தோரும் தம் கவனக்குறைவினால் நட்டஈட்டை இழக்க விடுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து, வேர்ஜீனியா மாநிலங்களிலோ, பாதிக்கப்பட்டவர் மீது சிறு தவறு காணப்படினும் அவர் யாதும் பெறாது போகலாம். அவற்றிற்கு அயலிலுள்ள வாஷிங்டன் நகரம் 2016இல் பாதசாரிகளுக்கு இவ்விதியைத் தளர்த்தியது.

குற்றமற்ற சாரதியை வருத்துவது முறையோ என்று கேட்கலாம். தண்டனை வேறு, நட்டஈடு வேறு. சிறைக்கு அனுப்பக் குற்றம் நிறுவப்படவேண்டும். நட்டஈட்டையோ பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே கொடுக்கிறது. அப்பணம் வண்டியுடையோர் அனைவரும் சிறிது சிறிதாகச் செலுத்தியது. நட்டஈட்டை நம்பிக் காரின்முன் பாய்வாரும் இலர்.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. நட்டஈடு பற்றிய நமது சட்டத்தின் அடிப்படை, ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டமே. அதன்படி, வழக்காடுபவர் சாரதியின் கவனயீனத்தை நிறுவவேண்டும். கால் முறிந்து கிடப்பவருக்குச் சாட்சி தேடுவது எளிதன்று. ஒல்லாந்தரோ தம் நாட்டில் அப்பழைய விதியைப் பாதசாரிகளுக்காக மாற்றிக்கொண்டனர். அவர்கள் தந்த சட்டத்தைப் பேணும் நாம், அவர்கள் செய்த திருத்தத்தையும் ஆராய்வது தகும்.